கெட்டிஸ்பர்க்: ஸ்டீயரிங் யார் கையில்?

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, வாஷிங்டனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய போர்க்களமான பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்குக்கு ஒரு நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் குழப்பம். நாமே காரில் சுற்றுவதா, வழிகாட்டியை அமர்த்துவதா, பஸ்ஸில் ஏறிவிடுவதா, பூங்கா ஊழியர்களான ரேஞ்சர்கள் நடத்தும் இலவச நிகழ்ச்சிகளே போதுமா?

நான்கு விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கோட்டைவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பலகையைப் படித்து, மாமனாருக்குத் தமிழில் சொல்லி, மறுபடி ஏறி, ஒருவழிச் சாலையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, சுற்றி வந்து சேர்ந்தபோது பின் இருக்கையில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். “இன்னும் எத்தனை கல் இருக்கிறது மாப்பிள்ளை?” என்று மாமனார் கேட்டார். மைல்கல்லைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது நினைவுக்கற்களை. அந்தப் பூங்காவில் நினைவுச்சின்னங்களும் குறிப்புக் கற்களும் 1,300-க்கு மேல் இருக்கின்றன என்பதை அப்போது அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கிட்டத்தட்ட 6,000 ஏக்கர். வயல், காடு, குன்று, ஊர்ச் சாலை எல்லாம் கலந்து கிடக்கிறது. ஆகவே பணத்தை முதல் அளவுகோலாக வைக்க வேண்டாம். நான் பார்ப்பது நான்கு.

முதலாவது, வண்டியை யார் ஓட்டுவது. இதை யாருமே யோசிப்பதில்லை. போர்க்களத்தில் வண்டி ஓட்டுபவர் போர்க்களத்தைப் பார்ப்பதில்லை. சாலையையும் அடுத்த நிறுத்தத்தின் எண்ணையும்தான் பார்க்கிறார். இரண்டாவது, குழந்தை ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும். மூன்றாவது, பெரியவர்களின் முழங்காலும் காதும். முழங்காலை எல்லோரும் நினைவில் வைப்பார்கள். வேகமான அமெரிக்க ஆங்கிலத்தை இரண்டு மணி நேரம் கேட்க வேண்டுமே என்பது கிளம்பிய பிறகுதான் உறைக்கும். நான்காவது, கேள்விக்குப் பதில் யார் சொல்வது. “இதில் நல்லவர்கள் யார்?” என்று எட்டு வயதுக் குழந்தை கேட்கும். பலகைகள் அதற்குப் பதில் சொல்வதில்லை.

| வழி | கட்டணம் | நேரம் | ஓட்டுபவர் | முன்பதிவு |
|---|---|---|---|---|
| சொந்தக் கார், வரைபடம் | இல்லை | மூன்று மணி நேரம் முதல் அரை நாள் | நீங்கள் | வேண்டாம் |
| உரிமம் பெற்ற வழிகாட்டி | வண்டிக்கு இவ்வளவு | இரண்டு மணி நேரம் | வழிகாட்டி | செய்துவிடுவது நல்லது |
| பஸ் | தலைக்கு இவ்வளவு | இரண்டு மணி நேரத்தை ஒட்டி | பஸ் ஓட்டுநர் | கோடையில் செய்துவிடுவது நல்லது |
| ரேஞ்சர் நிகழ்ச்சிகள் | இல்லை | நிகழ்ச்சிக்கு ஏற்ப | இடத்துக்கு இடம் நீங்கள் | பெரும்பாலும் வேண்டாம் |

போரைப் பற்றி இந்த அளவு தெரிந்துகொண்டு போனால் போதும். 1863 ஜூலை 1, 2, 3. நாடு பிரியக் கூடாது என்ற வடக்கின் படைக்கு ஜார்ஜ் மீட் தளபதி, அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கின் படைக்கு ராபர்ட் லீ. இரு தரப்பிலும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். மூன்று நாள் முடிவில் மாண்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமல் போனவர் என்று ஏறத்தாழ 51,000 பேர்.

## சொந்தக் காரில், நாமாகவே

பார்வையாளர் மையத்தில் வரைபடம் கொடுப்பார்கள். 24 மைல் பாதை, 16 நிறுத்தங்கள். தேசியப் பூங்காத் துறையின் இலவசச் செயலியை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கிக்கொண்டு போகலாம்.

இதன் பலம், உங்கள் நேரம் உங்கள் கையில் இருப்பது. குழந்தைக்குக் கழிப்பறை வேண்டுமென்றால் வண்டியைத் திருப்பிவிடலாம்; பாட்டி களைத்துவிட்டால் பாதியில் நிறுத்திவிடலாம். பலவீனம் நான் மேலே சொன்னதுதான்: ஒருவரின் நாள் முழுக்க ஸ்டீயரிங்கிலேயே கழியும். இன்னொரு சிக்கலும் உண்டு. பதினாறு நிறுத்தங்களும் நடந்தவற்றின் வரிசையில் அமைந்தவை. வரலாறு தெரிந்தவருக்கு அது கதை. தெரியாதவருக்குப் பதினாறு வயல்கள்.

அதனால் சிறு பிள்ளைகளோடு போகிறவர்களிடம் பதினாறையும் மறந்துவிட்டு ஐந்தைப் பிடியுங்கள் என்பேன். மூன்றாவது நிறுத்தமான ஓக் ரிட்ஜில் ஒரு கோபுரம் இருக்கிறது, ஏறலாம். அதைவிட முக்கியம், அதே மேட்டில் இருக்கும் 11-ஆம் பென்சில்வேனியா காலாட்படையின் நினைவுச்சின்னம். மேலே ஒரு வீரர் நிற்கிறார்; அடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது. பெயர் சாலி. முதல் நாள் சண்டையில் படை பின்வாங்கியபோது பிரிந்துபோன அந்த நாயை, சில நாள் கழித்து அதே மேட்டில், தன் படையின் மாண்டவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் நடுவே கண்டார்கள். காரிலிருந்து பார்த்தால் நாய் கண்ணில் படாது. சின்னத்தின் முகம் எதிரி வந்த திசையில் இருப்பதால் இறங்கிச் சுற்றி வர வேண்டும். என் மகள் சுற்றி வந்தபோது நாயின் முன்னங்கால் அருகே யாரோ இரண்டு நாய் பிஸ்கட்டுகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று அவள் முழுதாக விழித்திருந்த இடம் அது ஒன்றுதான்.

மற்றவை லிட்டில் ரவுண்ட் டாப், அதன் கீழே பாறைகள் குவிந்த டெவில்ஸ் டென், பென்சில்வேனியா நினைவு மண்டபம், கடைசியாகக் கல்லறைத் தோட்டம். டெவில்ஸ் டென்னில் பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவுவார்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும். லிட்டில் ரவுண்ட் டாப் சீரமைப்புக்காக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மூடியிருந்து 2024 ஜூனில் திறந்தது. நடைபாதைகள் இப்போது நன்றாக இருக்கின்றன. பென்சில்வேனியா மண்டபத்தின் உச்சிக்குச் சுழல்படி ஏறுகிறது. சுவரில் வெண்கலத் தகடுகளில் 34,000-க்கு மேற்பட்ட பெயர்கள். தங்கள் பெயரைப் போன்ற பெயரைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. ஆனால் தங்கள் வகுப்புத் தோழனின் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

பீரங்கியின் மேல் ஏறக் கூடாது. நினைவுச்சின்னங்கள் மேலும் அப்படித்தான். தரையில் கிடக்கும் பழைய உலோகத் துண்டை எடுத்து வரவும் கூடாது. அது குற்றம்.

யாருக்கு ஏற்றது: கைக்குழந்தை உள்ளவர்கள், திட்டமிட்ட நேரத்துக்கு எழுந்து கிளம்பவே முடியாதவர்கள், இரண்டாம் முறை வருகிறவர்கள்.

## உரிமம் பெற்ற வழிகாட்டி

இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. 1915 முதல் இங்கே வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்கும் முறை இருக்கிறது. எழுத்துத் தேர்வு, பிறகு களத்தில் வாய்மொழித் தேர்வு என்று கடுமையாகச் சலித்துத்தான் உரிமம் கொடுக்கிறார்கள். பூங்காவுக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட அந்த உரிமம் வேண்டும்.

இதில் வேடிக்கை, வழிகாட்டி உங்கள் காரிலேயே ஏறி, சாவியை வாங்கிக்கொண்டு, அவரே ஓட்டுவார். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். முதல் பத்து நிமிடம் யாரோ நம் வண்டியை ஓட்டுகிறாரே என்று காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

கட்டணம் வண்டிக்கு, தலைக்கு அல்ல. இரண்டு பேர் போனால் விலை அதிகம் போலத் தோன்றும். ஐந்தாறு பேர் போனால் பஸ் டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிக்கும் இதுதான் நல்லது. “ஒரு நிமிடம், என் மாமனாருக்குச் சொல்லிவிடுகிறேன்” என்றால் வழிகாட்டி நிறுத்துவார். எங்களுக்கு வந்தவர் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, “நான் சொன்னதைவிட நீளமாக இருந்ததே!” என்று சிரித்தார். மாமா கேட்ட கேள்வியை ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டேன்: இத்தனை பேருக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அடுத்த கால் மணி நேரம் கிணறு, ஓடை, ஊற்று என்றே போயிற்று. மாமா ஊரில் கிணற்றுப் பாசனம் பார்த்தவர். மூன்று நாள் போரும் அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருக்குத் திறந்துகொண்டது.

மறைவாக இருக்கும் கணக்குகள் சில. வழிகாட்டிக்கு ஓர் இருக்கை போய்விடும்: ஐந்து இருக்கைக் காரில் ஐந்து பேராகப் போனால் இடமில்லை. பென்சில்வேனியாச் சட்டப்படி எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கையோ பூஸ்டரோ (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) வேண்டும். ஏழு இருக்கை வண்டியில் நடு வரிசையில் அப்படி இரண்டைப் பொருத்திவிட்டால் பாட்டி பின் வரிசைக்கு எப்படிப் போவார் என்பதை வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் வேறொருவர் ஓட்டுவதற்கு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அன்பளிப்பு வழக்கத்தில் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

வண்டி கிளம்பும் முன் உங்கள் குடும்பத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படைப்பிரிவு எண்களும் தளபதிகளின் பெயர்களுமாக வந்து விழும். “பிள்ளைகளுக்கு எட்டும் ஐந்தும், மனிதர்களின் கதை வேண்டும்” என்று நாங்கள் கேட்டோம். அவர் எங்களைச் செமிட்ரி ரிட்ஜ் என்ற மேட்டில் ஒரு சின்ன வெள்ளை வீட்டின் முன் நிறுத்தினார். ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. அவர் அடிமையல்லர், சொந்த நிலம் வைத்திருந்தவர். ஆனாலும் தென் படை வருகிறது என்றதும் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். அந்தப் படை வழியில் அகப்பட்ட கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வீடு சிதைந்து, பயிர் அழிந்து கிடந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டவருக்குக் கிடைத்தது 15 டாலர். நல்லவர்கள் யார் என்று மகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. “ஏன் பதினைந்து?” என்றுதான் கேட்டாள்.

யாருக்கு ஏற்றது: மூன்று தலைமுறையாக, ஒரே வண்டியில், முதல் முறை வருகிறவர்களுக்கு.

## பஸ்

மையத்திலிருந்தே கிளம்புகிறது. இதிலும் உரிமம் பெற்ற வழிகாட்டிதான் ஒலிபெருக்கியில் பேசுவார், ஆகவே பேச்சின் தரத்தில் குறையில்லை. குளிர்சாதனம் உண்டு. ஜூலை மதியத்தில் பென்சில்வேனியா வெயிலின் புழுக்கத்தை அனுபவித்தவர்கள் இந்த வசதியை இலேசாக நினைக்க மாட்டார்கள்.

ஆனால் பஸ் யாருக்காகவும் நிற்காது. சில இடங்களில் மட்டும் இறக்குவார்கள், சொன்ன நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். நாய்ச் சிலையைத் தேட நேரமிருக்காது. பெரியவர்களுக்குக் காதோடு காதாக மொழிபெயர்த்தால் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மொழிபெயர்க்காவிட்டால் அவர்கள் சன்னலோரம் அமைதியாக இரண்டு மணி நேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பஸ் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. தம்பதியாகவோ, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடோ போகிறவர்களுக்கும், வாடகைக் காரை வேறு யாரிடமும் கொடுக்க முடியாதவர்களுக்கும் நல்லது.

## ரேஞ்சர் நிகழ்ச்சிகள்

தட்டையான தொப்பி அணிந்த ரேஞ்சரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அந்தத் தொப்பிக்கு அப்படி ஒரு வசியம். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும்; மற்ற மாதங்களில் குறைந்துவிடும். போகும் வாரத்தின் அட்டவணையைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். குறுகிய பேச்சுகளும் இருக்கின்றன, களத்தில் நீளமாக நடத்திக்கொண்டு போகும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. இரண்டும் பெயரளவில் ஒரே மாதிரி தோன்றும். கால அளவைப் பார்க்காமல் பாட்டியோடு நீள நடைக்குப் போய் நின்றுவிடாதீர்கள்.

இலவசம் என்றாலும் செலவில்லாமல் இல்லை. நிகழ்ச்சி தொடங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அங்கே வண்டியை நிறுத்த இடம் தேடுவது உங்கள் வேலை. நிழல் குறைவு. மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் இருந்தால் தாத்தாவின் முகம் வேறாக இருக்கும். உயரமான புல்லில் உண்ணி உண்டு. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிவிடுங்கள், மாலையில் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்புறம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஜூனியர் ரேஞ்சர் திட்டம் தனி. மையத்தின் தகவல் மேசையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதிலுள்ள வேலைகளை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், ரேஞ்சர் வலக்கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி எடுக்கவைத்து ஒரு பேட்ஜ் தருவார். புத்தகத்தை நாள் தொடக்கத்தில் வாங்க வேண்டும். மாலை நாலரைக்கு நினைவுக்கு வந்து, மூடும் நேரத்துக்குள் முடிக்க அப்பாக்கள் பிள்ளைகளின் கையெழுத்தில் எழுதும் காட்சியை அந்த மேசையருகே பார்த்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன்.

வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை வார இறுதிகளில் பழைய சீருடை அணிந்த தன்னார்வலர்கள் கூடாரமடித்துத் துப்பாக்கியும் பீரங்கியும் சுட்டுக் காட்டுவார்கள். சத்தம் பலமாக இருக்கும், கைக்குழந்தையைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். இரு படையும் மோதுவதுபோல நடித்துக் காட்டுவதைத் தேசியப் பூங்காத் துறை தன் நிலத்தில் அனுமதிப்பதில்லை. அந்த நாடகப் போர்கள் வெளியே தனியார் நிலத்தில், தனி டிக்கெட்டில் நடக்கின்றன. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் முகவரியைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

யாருக்கு ஏற்றது: அருகிலேயே வசிப்பவர்களுக்கு, அல்லது இரண்டு நாள் தங்குபவர்களுக்கு. ஒரே நாளில் இதை மட்டும் நம்பினால் அட்டவணையைத் துரத்துவதிலேயே பொழுது போய்விடும்.

## அருங்காட்சியகத்தை எங்கே செருகுவது

பூங்கா இலவசம், அருங்காட்சியகம் இலவசமல்ல. குடும்பமாகப் போகிறவர்களை எதிர்பாராமல் பிடிக்கும் செலவு இதுதான். டிக்கெட்டில் குறும்படம், காட்சிக்கூடங்கள், சைக்ளோரமா மூன்றும் சேரும். சைக்ளோரமா என்பது 1884-இல் தீட்டி முடித்த வட்ட ஓவியம். 377 அடி சுற்றளவு, 42 அடி உயரம். நடுவில் நம்மை நிற்கவைத்து, விளக்கும் பீரங்கி முழக்கமுமாகக் காட்டுவார்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையை முன்பே தயார்செய்யுங்கள். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் இதை வைத்துக்கொண்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

காட்சிக்கூடங்களில் படிக்க வேண்டியது அதிகம். பிள்ளைகள் எட்டு வயதுக்குக் கீழே என்றால், ஊருக்குள் பால்டிமோர் தெருவில் 2022-இல் திறந்த சிறுவர் அருங்காட்சியகம் மேல். போர் நடந்தபோது அந்த ஊரிலிருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைத் தொட்டும் ஏறியும் இறங்கியும் தெரிந்துகொள்ளலாம். அதற்குத் தனி டிக்கெட். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

சைக்கிளும் குதிரையும் இருக்கின்றன. பூங்காச் சாலைகளில் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் ஏற்றம் இருக்கிறது. குதிரைச் சவாரிக்குத் தனியார் லாயங்களில் வயது வரம்பு வைத்திருப்பார்கள். மூன்று தலைமுறைக் குழுவுக்கு இரண்டும் சரிப்படாது.

## எந்த வழியில் போனாலும், இந்த ஒரு மைல்

மூன்றாம் நாள் பிற்பகலில் தென் படையின் 12,000 பேரளவில் வெட்டவெளியில் நடந்துபோய் மோதியதை, தென் படைத் தளபதி ஒருவரின் பெயரால், பிக்கெட்டின் பாய்ச்சல் என்பார்கள். வர்ஜீனியா நினைவுச்சின்னத்திலிருந்து எதிர் மேட்டிலுள்ள மரக்கூட்டம்வரை ஏறக்குறைய ஒரு மைல். புல்லை வெட்டிப் பாதை வைத்திருக்கிறார்கள், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். பஸ்ஸில் இது கிடைக்காது. வழிகாட்டியின் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் அடங்காது. தனியாகச் செய்ய வேண்டும்.

நடந்தவர் காருக்கு மறுபடி ஒரு மைல் திரும்பி நடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். இதற்கு எளிய வழி உண்டு. முழங்கால் வலிக்காரரும் அவருக்கு வண்டி ஓட்டுபவரும் காரில் சுற்றிக்கொண்டு போய் மரக்கூட்டத்தருகே காத்திருக்கட்டும்; மற்றவர்கள் குறுக்கே நடக்கட்டும். நடுவில் எம்மிட்ஸ்பர்க் சாலை குறுக்கிடும். கார்கள் விரைவாக வரும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மட்டமான வயல் என்று நினைத்துத்தான் இறங்குவீர்கள். அது மட்டமல்ல. சில இடங்களில் நிலம் இலேசாகத் தாழும்போது எதிரே இருந்த மரக்கூட்டம், நினைவுச்சின்னங்கள் எல்லாம் மறைந்து வானமும் புல்லும் மட்டும் இருக்கும். மறுபடி ஏறும்போது அவை முன்னைவிடப் பக்கத்தில் நிற்கும்.

நாங்கள் போனபோது மனைவி சாவியை வாங்கிக்கொண்டு மாமாவோடு காரில் சுற்றி வந்தாள். நானும் மகளும் நடந்தோம். நானூறு வரை காலடியை எண்ணியவள் சாலை வந்ததும் கணக்கை விட்டுவிட்டாள். மேட்டில் கல்சுவரைப் பிடித்தபடி மாமா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கியபோது இரண்டு முறை எங்களைக் காணவில்லை என்றார். திரும்பும்போதும் மனைவியே ஓட்டினாள். நான் பின்னால், பூஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.